கேஸ் என்று சொன்னவள்

எங்கள் தொழிலில் நோயாளியைக் கேஸ் என்றுதான் சொல்வோம். பக்கவாத கேஸ், இடுப்பெலும்பு கேஸ், மறதி கேஸ். வெளியாட்கள் கேட்டால் முகம் சுளிப்பார்கள். பயிற்சி வகுப்பில் எங்களுக்குப் பாடம் எடுத்த நர்ஸம்மா முதல் வாரமே அந்தச் சொல்லுக்குத் தடை போட்டார். "அவங்க கேஸ் இல்ல, மனுஷங்க. பேர் சொல்லிக் கூப்பிடப் பழகுங்க" என்றார். எல்லோரும் தலையாட்டினோம். கடைசி பெஞ்சிலிருந்து ஒருத்தி மட்டும் எழுந்தாள்.

"பேர் சொன்னா சொந்தமாயிடும் நர்ஸம்மா. சொந்தம்னு வந்துட்டா கை நடுங்கும். கேஸ்னா வேலை. வேலைன்னா எனக்கு ஒழுங்கா வரும்."

நர்ஸம்மா அவளை உட்காரச் சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விட்டார். நான் சொல்லப்போவது அவளைப் பற்றி.

அவளுக்கு நாங்கள் வைத்த பெயர் இஸ்திரி. வேலைக்குக் கொடுக்கும் வெளிர்நீலக் கோட்டை எங்களில் பாதிப் பேர் உதறி மாட்டிக்கொண்டு ஓடுவோம். அவள் மட்டும் கத்தி மடிப்போடு வருவாள். நாள் முழுக்கக் குனிந்து நிமிர்ந்து, மலம் மூத்திரம் எடுத்து, ஆளைத் தூக்கி உட்கார வைத்துவிட்டுத் திரும்பும்போதும் மடிப்பு அப்படியே இருக்கும்.

"உடம்புக்குள்ள ஒரு இஸ்திரிப் பெட்டி வெச்சிருக்கியாடி?" என்று கேட்டால், "உனக்கு ஏன் வயித்தெரிச்சல் அக்கா? உன் கோட்டைப் பார்த்தா மாடு மென்னு துப்பின மாதிரி இருக்கு" என்பாள். வாய் அப்படி.

அவள் வகுப்புக்கு வருவதற்கு முன்பே வேலை தெரிந்தவள். கல்யாணமாகிப் போன வீட்டில் மாமியார் படுத்த படுக்கை. புருஷன் சில காலம் பார்த்தான், பிறகு வேறொருத்தியோடு வேறு ஊருக்குப் போய்விட்டான். போகும்போது அம்மாவை இவளிடமே விட்டுவிட்டுப் போனான். குழந்தை இல்லை. கிழவி சாகிறவரை இவள்தான் பார்த்தாள். அடக்கம் முடிந்து சொந்தக்காரர்கள் வாசலைத் தாண்டவில்லை, அதற்குள் வீட்டை எப்போது காலி செய்கிறாய் என்று கேட்டுவிட்டார்கள். "வீடு கிடைக்கல, ஒரு தொழில் கிடைச்சுது" என்று இவள் சொல்வாள். சிரித்துக்கொண்டு சொல்வாள் என்று எழுத ஆசைதான். சிரித்ததில்லை.

அந்தத் தொழிலில் அவளுக்கு ஒரே ஒரு பெருமை இருந்தது. அவள் பார்த்துக்கொண்ட யாருக்கும் படுக்கைப் புண் வந்ததில்லை. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். எழுந்திருக்க முடியாதவர் ஒரே பக்கமாகக் கிடந்தால் எலும்பு அழுத்துகிற இடத்தில் தோல் சிவக்கும். அப்போதே கவனிக்காவிட்டால் கறுக்கும், பிறகு உடையும். உடைந்தால் உள்ளே குடைந்துகொண்டு போகும். அதற்கு மருந்தைவிட முக்கியம் ஆளைத் திருப்பிப் போடுவது. இடது, மல்லாக்க, வலது, மறுபடி இடது. பகலும் இரவும் இதே சுற்று. கேட்பதற்கு எளிது. வலியில் கிடப்பவரைத் திருப்பிப் பார்த்தால்தான் தெரியும். தொட்ட உடனே கத்துவார்கள், உடம்பை இறுக்கிக்கொள்வார்கள், இறுக்கினால் வலி இரட்டிப்பாகும்.

இஸ்திரியிடம் இதற்கு ஒரு வழி இருந்தது. திருப்புவதற்கு முன்னால் பேச்சுக் கொடுப்பாள். சும்மா பேச்சு இல்லை, பதில் சொல்லியே ஆகவேண்டிய பேச்சு. கடைக்காரரிடம் சரக்கு விலை கேட்பாள். தையல்காரரிடம் கைவைத்த சட்டைக்கு எத்தனை மீட்டர் என்பாள். அவர் வாயைத் திறந்து சொல்லும்போது மூச்சு வெளியே போகும், உடம்பு தளரும். அந்த நொடியில் தோளிலும் தொடையிலும் கை கொடுத்துத் திருப்பிவிடுவாள். பதில் முடிவதற்குள் ஆள் அடுத்த பக்கம் இருப்பார். நாங்களும் முயன்று பார்த்தோம். எங்களுக்குப் பேச்சு நின்றது, அல்லது கை நின்றது.

டீச்சர் அவளுக்கு வந்தது இந்த நல்ல பெயரால்தான். ஓய்வு பெற்ற இங்கிலீஷ் டீச்சர். குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு உடைந்து, ஆபரேஷன் தாங்காத இதயம் என்று டாக்டர்கள் கைவிட்டு, வீட்டில் படுக்க வைத்திருந்தார்கள். மகன் வீடு, மாடி. மகனுக்குக் கம்பெனி வேலை, அடுத்த அறையில் உட்கார்ந்துகொண்டு போனிலேயே நடத்துகிற வேலை. மருமகள் ஒருத்தி, வாய் பேசாதவள். ஊமை இல்லை, பேசினால் பிரச்சினை என்று முடிவெடுத்தவள்.

முதல் நாளே இஸ்திரி, எங்களை வீடுகளுக்கு அனுப்பும் ஆபீசுக்குப் போன் போட்டு, "கேஸ் நல்லா இருக்கு, சாப்பிட்டுச்சு" என்று சொன்னது கட்டிலுக்குக் கேட்டுவிட்டது.

"இங்க வா. நான் எந்த கேஸு?" என்றார் டீச்சர்.

"என்ன டீச்சர்?"

"அந்த வார்த்தைக்கு எத்தனை அர்த்தம் தெரியுமா உனக்கு? பெட்டிக்கு கேஸுன்னு பேரு. கோர்ட்டுல போடுறதுக்கும் அதான் பேரு. நீ என்னை எதுல சேர்த்த?"

"அடுப்பு எரியறதும் கேஸுதான் டீச்சர். சிலிண்டர்ல வருமே."

"அது வேற எழுத்து. முட்டாள்."

"அப்ப எனக்குத் தெரிஞ்சது கேஸ்னா வேலை. நீங்க அதுல சேர்த்தி."

டீச்சர் அவளைப் பார்த்துச் சிரித்தாராம். இதையெல்லாம் எனக்கு இஸ்திரிதான் சொன்னாள். எங்கள் இருவருக்கும் அறை ஒரே சந்தில். ஞாயிற்றுக்கிழமை துணி துவைக்கும்போது வாரத்துக் கதை முழுக்க வந்துவிடும்.

இஸ்திரி அதைப் பிடித்துக்கொண்டாள். அடுத்த முறை திருப்பும்போது, "இன்னொரு அர்த்தம் சொல்லுங்க டீச்சர்" என்றாள். டீச்சர் வாயைத் திறந்தார், ஆள் திரும்பிவிட்டார். அன்றிலிருந்து அதுவே வழக்கம். திருப்பும் போதெல்லாம் ஓர் அர்த்தம். தலையணை உறைக்கு ஒன்று. மூக்குக்கண்ணாடியை வைக்கும் கூட்டுக்கு ஒன்று. மாடிப்படிக்கும் அந்தச் சொல் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இலக்கணத்தில் வேற்றுமைக்கும் அதுதான். அந்தக் காலத்து அச்சுக்கூடத்தில் பெரிய எழுத்தை மேல் தட்டிலும் சின்ன எழுத்தைக் கீழ்த் தட்டிலும் போட்டு வைப்பார்களாம், அந்தத் தட்டுக்கும் அதுதான் பெயராம். ஒருவேளை மழை வந்தால் என்று குடை எடுத்துப் போகிறோமே, அந்த 'ஒருவேளை'யிலும் இருக்கிறது. திருடன் ஒரு வீட்டை முன்கூட்டியே நோட்டம் பார்ப்பதற்கும் கூட.

இஸ்திரி சும்மா வாங்கிக்கொள்கிறவள் இல்லை. "உங்க புத்தகத்துல இல்லாதது எங்க சந்துல இருக்கு டீச்சர். தண்ணி கேஸு, மெண்டல் கேஸு. அப்புறம் எதிர் வீட்டுக்காரியைப் பத்தி அவ நாத்தனார் சொல்வா, 'அது ஒரு கேஸு'ன்னு. என்னையும் சொல்லியிருக்காங்க. புருஷன் விட்டுட்டுப் போனவ எல்லாருமே கேஸுதான்."

"உன்னைச் சொன்னவளுக்கு நீ என்ன சொன்ன?"

"சோப்புத் தண்ணியை அவ வாசப்பக்கமா ஊத்தினேன்."

டீச்சர் சிரித்துச் சிரித்து இடுப்பு வலி கண்டு திட்டினாராம்.

ஒரு நாள் டீச்சர் சொன்னார்: "இது ஒரு வார்த்தை இல்ல, ரெண்டு வார்த்தை. பார்க்க ஒரே மாதிரி இருக்கும். பெட்டிங்கிறது ஒரு வேர்லேருந்து வந்தது. மிச்சதெல்லாம் விழறதுங்கிற இன்னொரு வேர்லேருந்து வந்தது. வந்து விழுந்தது, நேர்ந்தது. அதான் நோய்க்கும் வழக்குக்கும் அந்தப் பேரு. நான் விழுந்தவ. சரியாத்தான் கூப்பிடுற நீ."

"அப்ப பெட்டி?"

"அது அடுத்தாப்பல வரும். அவசரப்படாதே."

அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் இதைச் சொல்லும்போது துணியைப் பிழியாமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள். "பேர் சொல்லல அக்கா, கேஸுன்னுதான் சொல்றேன். ஆனா கை நடுங்குது" என்றாள். நான் துணியைப் பிழியச் சொன்னேன்.

எல்லாம் காய்ச்சலில் கெட்டது. டீச்சருக்கு நெஞ்சில் சளி கட்டி ஒரு வாரம் படுத்தி எடுத்தது. காய்ச்சல் விட்டபோது ஆளில் பாதி இல்லை. பேசத் தெம்பில்லை. அர்த்தம் கேட்டால், "தீர்ந்து போச்சு, விடு" என்றார். பேச்சு நின்றதும் உடம்பு இறுகிவிட்டது. தொட்டால் அலறல். தெருவுக்குக் கேட்கிற அலறல்.

மகன் அறை வாசலில் வந்து நின்றான். காதில் போன் கருவி, கையில் தேநீர்.

"என்னம்மா பண்றீங்க அவங்களை? எதிர்ல இருக்கிறவங்க கேக்கறாங்க, உங்க வீட்டுல என்ன கொலையான்னு."

"திருப்பணும் சார். இல்லன்னா முதுகு வெந்துடும்."

"நான் பேசிட்டு இருக்கும்போது தொடாதீங்க. வேலை போயிடும் எனக்கு. அவங்களும் தூங்கட்டும், பாவம்."

அவன் காலையில் போனை எடுத்தால் இருட்டும்வரை பேசுகிறவன். மருமகள் அங்கேதான் நின்றாள். டீச்சரும் கண்ணைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். வகுப்பில் எங்களுக்கு அடித்துச் சொல்லிக் கொடுத்த பாடம் ஒன்று உண்டு. வீட்டுப் பேச்சு வீட்டோடு. எந்த வீட்டில் யார் யாரைத் திட்டினார்கள், யார் என்ன சொன்னார்கள் என்பதை வாசலுக்கு வெளியே கொண்டுபோகக் கூடாது. கொண்டுபோனவளை மறுபடி எந்த வீட்டிலும் சேர்க்க மாட்டார்கள். என்னிடம் டீச்சரின் அர்த்தங்களையெல்லாம் சொன்ன இஸ்திரி, மகன் சொன்னதை மட்டும் அப்போது சொல்லவில்லை. ஆபீசிலும் சொல்லவில்லை. ஆபீசில் சொல்லியிருந்தால் அவர்கள் மகனிடம் பேசியிருப்பார்கள், ஒரு வரி பதிவாகியிருக்கும். அவள் தானே சமாளிக்கப் பார்த்தாள். இடுப்புக்கடியில் சிறு தலையணையைச் செருகிச் சற்றே சாய்த்து வைத்தாள். அவன் சாப்பிடப் போகும் நேரத்தில் ஒரு முறை திருப்பினாள். துண்டைச் சுருட்டி டீச்சர் பல்லில் கொடுத்தும் பார்த்தாளாம். போதவில்லை. முதுகின் அடியில், வால் எலும்பு மேல், தோல் சிவந்தது. அவள் மகனைக் கூப்பிட்டுக் காட்டினாள். "கிரீம் போடுங்க" என்றான். அந்த வாரக் கடைசியில் அது உடைந்தது.

டாக்டர் வந்து பார்த்து, கவனிப்பு சரியில்லை என்று மகன் காதுபடச் சொன்னார். மகன் எங்கள் ஆபீஸ் மேல் வழக்குப் போட்டான். ஆபீஸ் மேனேஜர் ஒரே வார்த்தையில் கழன்றுகொண்டார்: தவறு எங்களுடையது இல்லை, அனுப்பிய ஆளுடையது. அப்போதுதான் இஸ்திரி என்னிடம் முழுசாகச் சொன்னாள்.

"பேர் போனா எந்த வீட்டுலயும் ஏத்த மாட்டாங்க அக்கா. அது போகட்டும். என் கையில ஒருத்தருக்கு முதுகு வெந்ததுன்னு எழுதிடுவாங்க."

"மகன் சொன்னதை யார் கேட்டது?"

"மருமக. அவ பேச மாட்டா. டீச்சர் கேட்டாங்க. அவங்க சொல்வாங்க." அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் சந்தேகம் இல்லை.

டீச்சரால் கோர்ட்டுக்கு வர முடியாது என்பதால், வாக்குமூலம் வாங்கக் கோர்ட்டே ஒரு வக்கீலை வீட்டுக்கு அனுப்பியது. துணைக்கு நான் போனேன். இஸ்திரி அன்றும் மடிப்புக் கலையாத கோட்டில் வந்தாள். அறையில் புண்ணின் வாடை, மேலே தெளித்த வாசனைத் தண்ணீரின் வாடை. டீச்சர் மல்லாக்கக் கிடந்தார். கால்மாட்டில் மகன், ஜன்னலோரம் மருமகள். வக்கீல் நல்ல மனிதர். மெதுவாகக் கேட்டார்.

"அம்மா, இவங்க உங்களை ஒழுங்கா திருப்பிப் படுக்க வெச்சாங்களா?"

டீச்சர் சுவர்ப்பக்கம் பார்த்தார். பிறகு, "இல்ல" என்றார்.

"திருப்ப வேண்டாம்னு வீட்டுல யாராவது சொன்னாங்களா?"

"இல்ல. யாரும் சொல்லல."

மருமகள் திரைச்சீலையின் நுனியைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். வக்கீல் எழுதினார். டீச்சருக்கு அடியில் விரிப்பு ஒரு பக்கம் சுருங்கிக் கிடந்தது. சுருக்கம் முதுகுக்கு எமன். இஸ்திரி இரண்டடி முன்னால் போய், கையால் அதை இழுத்துச் சமன் செய்தாள். வேண்டுமென்று செய்யவில்லை. கை தானாகப் போனது.

"தொடாதீங்க" என்றான் மகன்.

கையை எடுத்துக்கொண்டாள்.

படியிறங்கும்போது நான் டீச்சரைப் பொய்க்காரி என்றேன். இன்னும் மோசமாகவும் சொன்னேன்.

"நீயும் நானும் படியிறங்கிப் போறோம் அக்கா. அவங்க அதே கட்டில்ல கிடக்கணும். ஒரு வாய் தண்ணிக்கு அவன் முகத்தைத்தான் பார்க்கணும். வேற என்ன சொல்வாங்க?" என்றாள். கீழ்ப்படிக்கு வந்தபிறகு நின்றாள். "ஆனா என்னைப் பார்த்துச் சொல்லியிருக்கலாம். சுவத்தைப் பார்த்துச் சொன்னாங்க."

ஆபீஸ் மகனோடு சமாதானமாகப் போய்விட்டது. இவள் பெயரை அடித்துவிட்டார்கள். எங்கள் தொழிலில் ஓர் ஆபீஸ் அடித்தால் எல்லா ஆபீசும் அடித்த மாதிரி. விடுதிகளுக்குப் படுக்கை விரிப்பு வெளுத்துக் கொடுக்கும் ஒரு சலவைக் கூடத்தில் சேர்ந்தாள். நாள் முழுக்க நின்றுகொண்டு விரிப்புகளைத் தேய்க்கிற வேலை. இஸ்திரி இஸ்திரி போடப் போய்விட்டாள் என்று ஒருத்தி சொல்லிப் பார்த்தாள். யாரும் சிரிக்கவில்லை.

நானும் வயது காரணமாக வீடு வீடாகப் போவதை விட்டுவிட்டு, ஒரு முதியோர் காப்பகத்தில் வார்டு மேற்பார்வைக்குச் சேர்ந்தேன். அங்கே ஒரு நாள் ஸ்ட்ரெச்சரில் டீச்சர் வந்து இறங்கினார். மகன் இதைவிடச் சிறிய வீட்டுக்கு மாறுகிறானாம், இடம் போதாதாம். கட்டிலில் மாற்றிப் போட்டுவிட்டு நானே முதுகைப் பார்த்தேன். புண் கூடவே வந்திருந்தது, வளர்ந்து.

"நீ அன்னிக்கு அவகூட வந்தவதானே?" என்றார்.

"ஆமா."

"நான் பொய் சொன்னேன்."

"தெரியும் டீச்சர். இடது பக்கம் திரும்புங்க."

அலறினார். திருப்பி முடித்ததும் மூச்சு வாங்கிக்கொண்டு, "இப்ப நான் அவன் வீட்டுல இல்ல. யாரை வேணா கூட்டிட்டு வா. உள்ளதைச் சொல்றேன். அவளையும் வரச் சொல்லு" என்றார்.

பழைய ஆபீசுக்குப் போனேன். மேனேஜர் நாற்காலியைக்கூடக் காட்டவில்லை. "அந்த கேஸ் எப்பவோ முடிஞ்சதும்மா. முடிஞ்சதை ஏன் கிளறுறீங்க? இப்ப மாத்திச் சொன்னா எங்க பேரும் சேர்ந்து கெடும்" என்றார். அவர் பார்வையில் நியாயம்தான். அங்கிருந்து நேராகச் சலவைக் கூடத்துக்குப் போனேன். நீராவியில் முகம் தெரியவில்லை, அங்கே கொடுத்த கோட்டின் மடிப்பை வைத்துத்தான் கண்டுபிடித்தேன். விஷயத்தைச் சொன்னேன்.

தேய்ப்பதை நிறுத்தாமல் கேட்டாள். "ஆபீஸ்காரன் சொன்னது சரிதான். புண் எவ்வளவு ஆழம்?"

"விரல் போகும்."

இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். "எலும்பு தெரியுதா?"

"இன்னும் இல்ல."

"யார் திருப்புறாங்க?"

"பொண்ணுங்க இருக்காங்க. நான் இருந்தா நான்."

"பேச்சுக் குடுக்கிறீங்களா?"

"எங்கடி நேரம், ஒரு வார்டு முழுக்கக் கிடக்கு."

பெட்டியை மறுபடி எடுத்துக்கொண்டாள். அவள் வந்து ஒரு முறை பார்த்தால் போதும், டீச்சர் அதைத்தான் கேட்கிறார் என்றேன்.

"வந்தா மன்னிச்சேன்னு ஆயிடும் அக்கா."

"மன்னிச்சா என்ன குறைஞ்சு போகும்?"

"வீடு போச்சு, தொழில் போச்சு, பேர் போச்சு. இந்தக் கோபம் ஒண்ணுதான் என்கிட்ட இருக்கு. அதையும் அவங்களுக்கே குடுத்துட்டு வரச் சொல்றியா?" விரிப்பை மடித்து அடுக்கில் வைத்தாள். அடுத்ததை உதறினாள். "அவங்க மூச்சு விடும்போது திருப்பணும். இழுக்கும்போது தொடாதே. இடுப்புல கை வைக்கக் கூடாது, தோள்லயும் தொடையிலயும்தான். பொண்ணுங்ககிட்ட சொல்லு."

"நீயே வந்து சொல்லேன்."

விரிப்பின் மேல் பெட்டியை அழுத்தித் தேய்த்தாள். கூடத்தின் மேஸ்திரி எங்கள் பக்கம் பார்த்தான். நான் கிளம்பிவிட்டேன்.

வார்டுக்குத் திரும்பியபோது டீச்சர் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் தனியாக வந்ததைப் பார்த்தார். எதையும் சுற்றி வளைத்துச் சொல்கிற பழக்கம் எனக்கு இல்லை. "ஆபீஸ் திரும்ப எடுத்துக்காதாம். அவளும் வர மாட்டாளாம்" என்றேன்.

திருப்புகிற நேரம் ஆகியிருந்தது. தோளில் ஒரு கை, தொடையில் ஒரு கை வைத்தேன். "அடுத்த அர்த்தம் ஒண்ணு சொல்லுங்க டீச்சர்" என்றேன்.

உதட்டை இறுக்கிக்கொண்டு சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஒரு வார்த்தை வரவில்லை. அலறலும் வரவில்லை. உடம்பு பலகை மாதிரி கிடந்தது.

அப்படி இறுகிப்போன உடம்பைத் திருப்ப இரண்டு பேர் வேண்டும். அடுத்த முறையிலிருந்து இன்னொரு பெண்ணையும் கூட்டிக்கொண்டு போனேன்.